அனோரெக்சியா நெர்வோசா: பசி இல்லாத நோயா?

கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லாமை, 'ஓரெக்சிஸ்' என்றால் பசி, வேட்கை. மருந்துச் சீட்டில் வெறும் அனோரெக்சியா என்று இருந்தால் அது பசியின்மைதான். காய்ச்சலிலும் மஞ்சள் காமாலையிலும் யாருக்கும் வரும். 'நெர்வோசா' சேர்ந்தால் அது உளநோய். 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த பெயர் இது. நோயாளிகள் பெரும்பாலும் 16 முதல் 23 வயதுப் பெண்கள் என்ற அவர், அதே வயது ஆண்களிடமும் கண்டதாக அப்போதே எழுதினார். பையன்களுக்கு இது வராது என்று இன்றும் நம்புகிறோம்!

பெயர்தான் நம்மைத் திசை திருப்புகிறது. இந்த நோயில் பசி பெரும்பாலும் போய்விடுவதில்லை. வயிற்றைக் கிள்ளும் பசியை, எடை கூடிவிடுமோ என்ற பயம் அமுக்கி வைக்கிறது. 'பசியற்ற உளநோய்' என்று தமிழில் எழுதினால் அந்தக் குழப்பமும் கூடவே வருகிறது. அம்மா பசி எடுக்க டானிக் வாங்கித் தருவார். பிள்ளையின் பயம் அப்படியே இருக்கும்.

அந்தப் பயம் சாப்பாட்டுத் தட்டில் தெரியும். இந்த நோய் வந்த பெண் ஒரு இட்லியை இருபது துண்டாக்கி, சட்னியில் புரட்டி, ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஃப்ரெண்ட் வீட்லயே சாப்பிட்டேன்மா" என்பாள். மற்றவர்களுக்கு ஆசையாகச் சமைத்துப் போடுவாள், தான் தொடமாட்டாள். வெயிலிலும் தொளதொள சட்டை, சில்லிட்ட கைகள், கொட்டும் முடி, கையில் பூனைமுடி, நின்றுபோன மாதவிடாய். எலும்பு தெரியும்போதும் "நான் குண்டு" என்று அவள் சொல்வது நடிப்பு இல்லை.

அதனால் 'உண்ண மறுக்கும் உளநோய்' என்பதே பொருத்தம் என்பேன். இந்த வகை நோய்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'உண்ணல் கோளாறு' சரி. 'உணவுக் கோளாறு' என்றால் கெட்டுப்போன சாப்பாடு நினைவுக்கு வரும். அளவில்லாமல் உண்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியாவுக்கு கிரேக்க மூலம் 'எருதுப் பசி'. தீராத பசிக்கு மணிமேகலையில் 'யானைத்தீ' என்றே ஒரு சொல் உண்டு. ஆனால் அந்தக் காப்பியத்தில் அந்தப் பசியால் தவிக்கும் காயசண்டிகைக்கு எடை பற்றிய பயம் இல்லை என்பதால் அதை இங்கே பொருத்த முடியாது.

சந்தேகம் வந்தால் திட்டாமல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) தமிழிலும் பேசலாம். ரொம்ப மெலிந்துபோன பிள்ளைக்கு ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் உப்புச்சத்துகள் சட்டென்று குறைந்து இதயமே பாதிக்கப்படலாம். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.