பாய்லர் பற்றிக்கொள்ளாத காலை

கீசரை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு இங்கிலாந்து வீட்டு பாய்லர் முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். கீசரில் சுவிட்சைப் போட்டால் உள்ளே ஒரு கம்பி சூடாகும், அவ்வளவுதான். இங்கே சமையலறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டிக்குள் கேஸ் எரிகிறது, குளிக்கிற தண்ணீரும் ஒவ்வொரு அறையையும் சூடாக்கும் ரேடியேட்டரும் அந்த ஒரே தீயை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு ஜனவரிக் காலையில் எங்கள் வீட்டில் அது நின்றுபோனது. திரையில் ஒரு எரர் கோட் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. நான் ரீசெட் பொத்தானை ஏழெட்டு முறை அழுத்தினேன், அதாவது செய்யக்கூடாத காரியத்தை முதலில் செய்தேன்.

அது ஏன் தப்பு என்று புரிய, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தவுடனே கேஸ் வந்துவிடுவதில்லை. முதலில் ஒரு மின்விசிறி சுழன்று, உள்ளே எரியாத கேஸ் ஏதாவது தங்கியிருந்தால் அதை வெளியே தள்ளுகிறது. விசிறி சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று எலெக்ட்ரானிக் போர்டு பார்க்கும். அப்புறம் தீப்பொறி, கேஸ் வால்வு திறப்பு. சில நொடிகளுக்குள் தீ பிடித்ததற்கு அத்தாட்சி வரவேண்டும். வராவிட்டால் வால்வை மூடி, மறுபடி விசிறி, மறுபடி பொறி என்று சில தடவை முயன்றுவிட்டு, இனி முடியாது என்று தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

அந்த அத்தாட்சி எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். தீக்குள் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருக்கின்றன, அதனால் தீ கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். கம்பி சிறியது, எதிரே இருக்கும் பர்னர் பெரியது, ஆகவே மின்சாரம் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் போகிறது. விளைவு, சில மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு ஒருதிசை மின்னோட்டம். போர்டு தேடுவது இதைத்தான். கம்பி ஈரமாகி எங்கேயாவது ஷார்ட் ஆனாலும் மின்சாரம் ஓடும், ஆனால் அது இரண்டு பக்கமும் சமமாக ஓடும், அதனால் போர்டு ஏமாறாது. தீ இருந்தால்தான் தீ என்று சொல்லும்.

ஆக, எரர் கோட் வந்தவுடனே இன்ன பாகம் போச்சு என்று முடிவு கட்டக்கூடாது. தான் கேட்ட எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது மட்டும்தான் பாய்லருக்குத் தெரியும். வைலன்ட் பாய்லரில் எஃப் 28, வூஸ்டர் பாஷில் ஈஏ, ஐடியலில் எல் 2, பாக்ஸியில் ஈ 133 என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறே தவிர, எல்லாம் சொல்வது ஒன்றுதான்: தீ பற்றவில்லை, அல்லது பற்றியது எனக்குத் தெரியவில்லை. முன்பணம் கட்டி ஓட்டும் கேஸ் மீட்டரில் பணம் தீர்ந்திருந்தாலும் இதே கோட்தான் வரும். அதனால் முதலில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் பாய்லர் பாவம், அதன்மேல் குற்றமே இல்லை.

எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் பாய்லர் ஒவ்வொரு முறை முயலும்போதும் உள்ளே களக் களக் என்று ஒரு சத்தம். குளிர் நாட்டில் அந்தச் சத்தத்துக்கு அநேகமாக ஒரே அர்த்தம். இயற்கை எரிவாயு எரிந்தால் கார்பன் டை ஆக்சைடோடு நீராவியும் வரும். பழைய பாய்லர்கள் அதைப் புகையோடு வெளியே விட்டுவிடும். இப்போதைய கண்டென்சிங் பாய்லர்கள் (இங்கிலாந்தில் 2005 முதல் புதிதாகப் பொருத்துபவை அநேகமாக எல்லாமே இந்த வகைதான்) புகையை ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, ஆவி தண்ணீராகும்போது வெளிவரும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் உண்டாகும் ஆவி முழுவதையும் பிடித்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் தேறும். லேசான அமிலத் தன்மையுள்ள அந்தத் தண்ணீர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறுகிறது. குழாயின் கடைசிப் பகுதி வீட்டுக்கு வெளியே சுவரோரமாக ஓடினால், உறைபனி நாளில் உள்ளே ஐஸ் அடைத்துவிடும். தண்ணீர் திரும்பி ஏறி பாய்லருக்குள்ளேயே தேங்கும், தீ பற்றாது. 2018 பிப்ரவரிக் கடைசியில் வந்த பெருங்குளிரில் பிரிட்டன் முழுக்க ஏகப்பட்ட வீடுகளில் இதுதான் நடந்தது.

இதை நாமே சரிசெய்யலாம், குழாய் தரையில் நின்றபடியே கைக்கு எட்டினால் மட்டும். ஏணி போட்டு ஏறவேண்டாம், உறைந்த தரையில் ஏணி வழுக்கும். பாய்லரை அணைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயின்மேல் ஊற்றுங்கள், அல்லது ஹாட் வாட்டர் பேக்கைச் சுற்றிக் கட்டிவையுங்கள். வளைவுகளும் வாய்ப்பகுதியும்தான் முதலில் அடைபடும், அங்கிருந்து தொடங்கலாம். கொதிக்கிற தண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். கீழே சிந்தியது கொஞ்ச நேரத்தில் கண்ணாடிபோல் உறைந்துவிடும் என்பதால் உப்புப் போட்டுவிடுங்கள். சத்தம் நின்ற பிறகு ஒரே ஒரு ரீசெட்.

ரீசெட் விஷயத்துக்கு வருகிறேன். பூட்டு என்பது பாதுகாப்பு ஏற்பாடு, ஒவ்வொரு ரீசெட்டும் அதை நம் கையால் திறப்பது. தீ பற்றாத ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் கேஸ் உள்ளே வருகிறது. காரணத்தைச் சரிசெய்துவிட்டு ஒரு தடவை அழுத்தலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குமேல் போனால் நாம் கோளாறைத் தேடவில்லை, அடம்பிடிக்கிறோம்.

நாமே பார்க்கக்கூடிய இன்னொன்று, ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீரின் அழுத்தம். வைலன்டில் எஃப் 22, ஐடியலில் எஃப் 1 வந்தால் பெரும்பாலும் அதுதான். பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தமானியில் 1 முதல் 1.5 பார் இருக்கவேண்டும். குறைந்திருந்தால் கீழே இருக்கும் நிரப்புக் குழாயின் வால்வை மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் இறுக மூடிவிடலாம். இரண்டு நாளில் மறுபடி இறங்கினால், மறுபடி நிரப்பிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுக்கும் காற்றுக் கலத்தில் காற்று போய்விட்டது. அப்படியானால் சூடானதும் அழுத்தம் 3 பார் வரை ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டும், ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவுதான் நம் எல்லை. முன் மூடியில் கை வைக்கவேண்டாம். பல மாடல்களில் அந்த மூடியே புகை அறைக்குள் கசியாமல் காக்கும் அடைப்பின் ஒரு பகுதி. கேஸ் வேலைக்கு கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பிரிட்டனின் பதிவேடு) பதிவு உள்ளவரைத்தான் கூப்பிடவேண்டும், சட்டமும் அதுதான். அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் என்னென்ன வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும், கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாய்லரைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, வீட்டில் இருக்கும்போது மட்டும் எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலுமாக இருந்தாலோ எரர் கோட் என்ன என்று படித்துக்கொண்டிருக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். கேஸ் வாசனை வந்தால் ஒரு சுவிட்சைக்கூடத் தொடாமல், மீட்டர் பக்கத்து நெம்புகோலை முடிந்தால் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பிவிட்டு, வெளியே வந்து கேஸ் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்: 0800 111 999.

எங்கள் குழாய்க்கு மூன்று கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தது. சின்ன ஐஸ் குச்சி ஒன்று வழுக்கி வெளியே விழுந்தது, பின்னாலேயே தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அடுத்த வாரம் வந்த இன்ஜினியர் வெளியே இருந்த குழாயைத் தடிமனானதாக மாற்றி, மேலே கறுப்புக் கம்பளம்போல ஒரு உறை போட்டுவிட்டுப் போனார்.