ரிக்ரூட்மென்ட் வேலையில் சேரும் பட்டதாரிகளுக்கு: கையெழுத்துக்கு முன் கமிஷன் கணக்கைக் கேளுங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் பட்டம் முடித்த பிள்ளைகள் முதலில் விண்ணப்பிப்பது கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளுக்குத்தான். அதே தொழிற்சாலைகளுக்கு ஆள் தேடித் தரும் ரிக்ரூட்மென்ட் நிறுவனங்களும் பட்டதாரிகளை எடுக்கின்றன. எந்தப் பட்டமானாலும் சரி, அனுபவம் வேண்டாம், கமிஷனுக்கு வரம்பில்லை என்று விளம்பரம் வரும். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல தொழில். ஆனால் பணம் எப்படி வருகிறது என்று தெரியாமல் சேர்ந்த பிள்ளைகள் சில மாதங்களிலேயே சோர்ந்து விலகுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் ஒரு பொறியியலாளரைச் சேர்த்துவிடுகிறீர்கள். ஆண்டுச் சம்பளம் 60,000 வெள்ளி. ஒப்பந்தப்படி கட்டணம் 20 விழுக்காடு என்றால் தொழிற்சாலை உங்கள் நிறுவனத்துக்குத் தருவது 12,000 வெள்ளி. அதில் ஒரு பங்குதான் உங்கள் கமிஷன். அதுவும் உடனே கைக்கு வராது. அவர் பழைய வேலையில் நோட்டீஸ் கொடுத்து, புதிய இடத்தில் சேர்ந்த பிறகுதான் பில் போகும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி நோட்டீஸ் காலம் குறைந்தது 4 வாரம்; 5 ஆண்டு வேலை செய்தவருக்கு 8 வாரம். பில் போன பின் பணம் வர ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். அப்புறம் உத்தரவாதக் காலம் வேறு இருக்கிறது. சேர்ந்தவர் அதற்குள் விலகினால் இன்னொருவரை இலவசமாகத் தேடித் தர வேண்டும், அல்லது பணத்தில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டும். பழைய முதலாளி சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றதும் கடைசி நிமிடத்தில் மனம் மாறுகிறவர்களும் உண்டு. அப்போது பல வார உழைப்புக்கு ஒரு காசும் தேறாது.

அதனால் முதல் அரையாண்டை அடிப்படைச் சம்பளத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். பினாங்கில் அறை வாடகை கட்டி, வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. நேர்முகத் தேர்விலேயே தயங்காமல் கேளுங்கள்: கமிஷன் எந்தத் தொகைக்கு மேல் தொடங்குகிறது? ஆள் விலகினால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பீர்களா? கமிஷனுக்கும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கட்டுகிறீர்களா? கட்டத்தான் வேண்டும், கமிஷனும் சம்பளக் கணக்கில் சேரும். கமிஷன் மட்டுமே தருவோம், நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, "பார்ட்னர்" என்று சொல்லும் இடத்தில் இ.பி.எஃப்., சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஊழியராகச் சேர்ந்தால் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கமிஷன் முறையில் சம்பளம் வாங்கும் ஊழியருக்கும் அது பொருந்தும்.

உரிமத்தையும் பாருங்கள். 1981ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டப்படி ஆள்சேர்ப்பு நடத்த உரிமம் கட்டாயம். இல்லாமல் நடத்தினால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

வேலை தேடுகிறவரின் வீட்டில் பேசும்போது அப்பாவோ அம்மாவோ முதலில் கேட்பது, "ஐயா, நாங்க எவ்வளவு கட்டணும்?" வெளிநாட்டு வேலை என்று நகையை விற்றுப் பணம் கட்டி ஏமாந்த கதை நம் பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கிறது. பட்டதாரி வேலைகளில் கட்டணத்தை முதலாளிதான் கட்டுகிறார் என்று பொறுமையாக விளக்குங்கள். பதிவுப் பணம், பயிற்சிப் பணம் என்று வேலை தேடும் பிள்ளைகளிடம் வாங்கச் சொல்லும் நிறுவனமாக இருந்தால், அங்கே உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். சின்ன ஊர், கோயில் திருவிழாவில் அதே குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டும்.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. மேலாளரிடம் ஒரு விதமாகவும் இரவு ஷிப்ட் முடித்து வந்த டெக்னீஷியனிடம் வேறு விதமாகவும் பேச அவர்களுக்குத் தெரியும். பெரும்பகுதி நேரம் போனில்தான் போகும். மறுப்பைக் கேட்டே நாள் கழியும். பேசக் கூச்சமுள்ளவர்களும் தேறிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்கப் பொறுமையில்லாதவர்கள்தான் நிலைப்பதில்லை.

ஒருவருடைய ரெசுமேயை அவரைக் கேட்காமல் எந்த நிறுவனத்துக்கும் அனுப்பாதீர்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் இப்போது வேலை செய்யும் நிறுவனத்தின் சகோதர நிறுவனத்துக்கே அது போய்ச் சேர்ந்தால், இருக்கிற வேலைக்கும் ஆபத்து. டார்கெட் நெருக்கும் மாதக் கடைசியில் மேலதிகாரி அவசரப்படுத்துவார். அப்போதும் முதலில் வேலை தேடுகிறவருக்குப் போன் போட்டு, எந்த நிறுவனம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு அனுப்புங்கள்.