ஒலிபெருக்கி: பெயரில்தான் பெருக்கம்

ஒலி + பெருக்கி. 'பெருக்கு' என்ற வினையோடு 'இ' சேர்ந்து கருவிப் பெயரானது, மண்வெட்டி, நகவெட்டி போல. ஒலியைப் பெருக்குவது என்று பொருள். 'ஒலிப்பெருக்கி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ஒலிபெருக்கி என்பதே சரி.

ராமநாதபுரம் கரையோரத்தில் இந்தச் சொல்லைப் பேச்சில் கேட்பது அபூர்வம். போலீஸ் அறிவிப்பில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' வரும். ஏர்வாடி சந்தனக்கூடானாலும் தங்கச்சிமடத்துத் திருவிழாவானாலும் ஜனங்கள் கேட்பது 'குழாய் கட்டியாச்சா?' என்றுதான். வீட்டுக்குள் இருப்பது ஸ்பீக்கர், இல்லையென்றால் பாக்ஸ்.

ஆங்கிலத்தில் 'லவுட்ஸ்பீக்கர்' என்ற பெயர் டெலிபோன் காலத்துச் சரக்கு. காதில் ஒட்டிவைத்தால்தான் கேட்கும் என்றிருந்த கருவியைத் தள்ளி நின்றும் கேட்கும்படி செய்தபோது, அதைச் 'சத்தமாகப் பேசும் டெலிபோன்' என்றார்கள். 1915-இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் கூட்டத்துக்கே கேட்கிற குழாய் ஒன்றைச் செய்து 'மேக்னாவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'பெருங்குரல்'. ஆனால் இன்று வீட்டில் நாம் வைத்திருக்கும் பெட்டியின் நேரடி முன்னோடி அது அல்ல. 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்ட வடிவம்தான்: காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதில் ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாற மாறக் கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது.

இங்கேதான் நம் சொல் இடிக்கிறது. பெருக்கும் வேலை ஆம்ப்ளிஃபையருடையது. பள்ளிப் பாடநூலும் அதைத்தான் 'பெருக்கி' என்கிறது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை, மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது. அதிலும் மகா ஊதாரி. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் உள்ளே வரும் சக்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. மிச்சமெல்லாம் சூடு.

பெயரை நம்பிப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு பாடும் என்பதற்கு அல்ல. பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, தமிழில் உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் (ஒலியளவின் அலகு) என்பது அது. 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாட் தேவைப்படும் இடத்தில் 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 20 போதும். அப்புறம் ஓம், அதாவது மின்தடைக் கணக்கு: 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஸ்பீக்கரைவிட ஆம்ப்ளிஃபையரிடமிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு வாங்கலாம்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? இணையக் கடைகளில் 'இரண்டு பேச்சாளர்கள், ஒரு ரிமோட்' என்று போட்டிருப்பதை விட்டுவிடலாம், மேடை ஏறிவிடுவார்கள். 'ஒலிப்பான்' அழகுதான், ஆனால் பஸ் ஹாரன் அதை முன்பே பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கி அறிவியலுக்குச் சற்றுப் பொருந்தாவிட்டாலும் ஊரறிந்த சொல். ஸ்பீக்கருக்கு அது, ஆம்ப்புக்குப் பெருக்கி, மைக்குக்கு ஒலிவாங்கி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தாழ்ந்த சுருதிக்கான வூஃபர், உச்ச சுருதிக்கான ட்வீட்டர் இரண்டும் நாய் குரைப்பிலிருந்தும் குருவிக் கீச்சிலிருந்தும் வந்த விளையாட்டுப் பெயர்கள். அவற்றை அப்படியே விடுவதே நல்லது.

'கூம்பு' என்றால் மட்டும் கவனம் வேண்டும். போலீஸ் சொல்லும் கூம்பு வெளியே தெரியும் குழாய் வாய். ஆடியோக்காரர் சொல்லும் கூம்பு உள்ளே ஆடும் காகிதம் அல்லது பிளாஸ்டிக். அதைச் சுற்றியுள்ள வளையம் நுரையா ரப்பரா என்பதை பாம்பனிலோ கீழக்கரையிலோ வீடு இருப்பவர் கட்டாயம் கேட்க வேண்டும். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் நுரை சில வருடங்களில் பொடிந்து உதிரும்; ரப்பர் அதைவிட நெடுநாள் நிற்கும். உப்புக் காற்றில் வயர் மாட்டும் செம்பு முனையும் பச்சையாகக் களிம்பேறும். முலாம் பூசிய முனை வாங்குங்கள், அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.