உடம்பில் தெம்பில்லாதபோது ஓவியம் பழகலாமா?

சிக்குன்குனியா வந்துபோன பின்னும் மாதக்கணக்கில் விரல் மூட்டு வலியோடு இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே வீட்டில் இருப்பவர்கள் எனப் பலர், இயன்முறை மருத்துவரான என்னிடம் "படம் வரையப் பழகலாமா?" என்று தயக்கத்தோடு கேட்கிறார்கள். கேட்ட கையோடு, "கொஞ்சம் தெம்பு வரட்டும், சாமான் வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்" என்று அவர்களே தள்ளிப்போட்டும் விடுகிறார்கள். தள்ளிப்போடாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் தூரிகை பிடித்ததே குடல்வால் அழற்சிக்குப் பின் படுத்திருந்த நாட்களில்தான். வண்ணப்பெட்டியை வாங்கித் தந்தவர் அவருடைய அம்மா.

வரைபவரைக் களைக்க வைப்பது பெரும்பாலும் உட்காரும் விதம்தான். தோளைத் தூக்கிக்கொண்டு, மெல்லிய தூரிகையை இறுகப் பிடித்தால் யாருக்கும் கை ஓய்ந்துவிடும். மடியில் தலையணை, அதன்மேல் பிள்ளைகளின் பரீட்சை அட்டை, கிளிப்பில் தாள். முழங்கை தலையணையில் பதிந்திருக்கட்டும். தூரிகைக் காம்பில் பழைய வேட்டித் துணியைக் கட்டைவிரல் பருமனுக்குச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். பிடி தளர்ந்தாலும் நழுவாது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் (ஃபிஸ்டுலா) கையை மட்டும் அட்டை விளிம்பில் அழுத்தி ஊன்றக் கூடாது.

வண்ணத்துக்குக் காபி டிகாஷன் போதும். ஃபில்டரில் முதலில் இறங்குவது அடர்ந்த பழுப்பு. தண்ணீர் கூட்டக் கூட்ட அதுவே வைக்கோல் நிறம்வரை வெளிறும். பழைய கல்யாணப் பத்திரிகையில் வழவழப்பில்லாத பக்கமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் இருக்கும் டம்ளரை வரையலாம். முதலில் வெளிறிய பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பின் நிழல் விழும் பக்கத்தில் மட்டும் இன்னொரு பூச்சு. ஈரத்தில் தொட்டால் ஓரம் கலங்கிவிடும். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை கண்மூடிச் சாய்ந்திருக்கலாம். இந்த ஓய்வுக்காகவே நான் டிகாஷனைச் சொல்கிறேன். மஞ்சள்தூளைக் குழைத்தும் பூசலாம், துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும். ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் அந்தப் படத்தை நோட்டுக்குள் வையுங்கள்.

வீட்டில் மிஞ்சிய எனாமல் பெயின்டையும் தின்னரையும் மட்டும் தொடவே வேண்டாம், அடைத்த அறையில் அந்த நெடி ஆகாது. சமையலறை வண்ணங்களில் பூஞ்சை பிடிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மிச்சத்தை அன்றன்றே கொட்டிவிட வேண்டும்.

கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். இன்னும் கொஞ்சம் போடலாம் என்று ஆசை இருக்கும்போதே தூரிகையைக் கழுவிவிடுங்கள். மறுநாள் வழக்கத்தைவிட அசதியாக இருந்தால், அந்த நேரத்தையும் பாதியாக்குங்கள்.

இன்ன நோய் என்று தெரியாமலே வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். வீட்டு வேலையால் வந்த அசதி என்று பெண்கள் இதை ஒதுக்குவதுதான் எனக்குப் பெரிய கவலை.