இரவானால் பெட்ரோல் குறையும் வண்டி

மூன்று வருடம் உழைத்து, துருப்பிடித்த கூடாகக் கிடந்த 1960களின் ஸ்டேஷன் வேகன் (கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் சாமான் ஏற்றக் கதவுள்ள கார்) ஒன்றை மறுபடி ஓட வைத்திருக்கிறார் ஒரு வாசகர். பெரிய வேலை எல்லாம் முடிந்துவிட்டது, சின்னச் சின்னத் தொல்லைகள்தான் உயிரை எடுக்கின்றன என்று மின்னஞ்சலில் புலம்பியிருந்தார். பின்கதவு கடகடவென்கிறது. பின்கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் சைலன்சர் புகை வண்டிக்குள்ளேயே வருகிறது. மூன்றாவதுதான் அவரைத் தூங்கவிடாத பிரச்சினை: சாவியைத் திருப்பி அரை நிமிடம் ஆனதும் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஜோடியாக வலது கோடிக்குப் போய் நிற்கின்றன. டாங்கில் இருப்பதோ பாதி. இன்ஜினோ, தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தால், சாதுவாக 85 டிகிரி.

இதற்காக அவர் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருக்கிறார், ரேடியேட்டரைக் கழுவியிருக்கிறார், இன்ஜின் சென்சாரைப் புதிதாகப் போட்டிருக்கிறார். கடைசியில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து, மீட்டர்களுக்குப் போகும் மின்சாரத்தை ஒரே அளவில் வைக்கும் ஸ்டெபிலைசரையே தூக்கிவிட்டுப் புது எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் ஒன்றையும் மாட்டிவிட்டார். முள் அசையவில்லை. இந்த வண்டிக்கு ராசியில்லை என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கடகடப்புக்குப் பெரும்பாலும் கதவின் ரப்பர் கட்டைகளையும் பூட்டு விழும் தகட்டையும் நகர்த்திப் பார்ப்பதுதான் வழி, அதில் அறிவியலை விடப் பொறுமைதான் அதிகம். புகை விஷயம் அப்படி விளையாட்டில்லை. பெட்டி மாதிரி செங்குத்தாக முடியும் வண்டி வேகமாகப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. சைலன்சர் கக்கும் புகை அந்தச் சுழலில் மாட்டி, திறந்திருக்கும் பின்கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனையும் கிடையாது. ஆகவே பின்கண்ணாடியை ஏற்றியே ஓட்டுங்கள், கதவைச் சுற்றியுள்ள ரப்பரை மாற்றுங்கள், சைலன்சர் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இனி முள்ளுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பொய் சொன்னால், கோளாறு இரண்டிலும் இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் டாங்கில் இருப்பது மிதவையோடு நகரும் ஒரு மின்தடை, இன்ஜினில் இருப்பது சூடேறினால் மின்தடை குறையும் ஒரு சிறு வில்லை. இவை இரண்டும் தனித்தனி ஊர். ஆனால் இரண்டு மீட்டருக்கும் மின்சாரம் அந்த ஒரே ஸ்டெபிலைசரிலிருந்துதான் வருகிறது.

மீட்டருக்குள் என்ன இருக்கிறது? காந்தமும் சுருளும் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. உள்ளே இருப்பது ஈருலோகப் பட்டை, அதாவது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு. இஸ்திரிப் பெட்டிக்குள் டக் டக்கென்று அணைந்து எரிய வைப்பதும் அந்த வகைதான். பட்டையின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கம்பியில் மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகி வளையும், வளையும்போது முள்ளைத் தள்ளும். ஆக, உங்கள் பெட்ரோல் மீட்டர் உண்மையில் ஒரு குட்டி ஹீட்டர். சாவியைத் திருப்பியதும் முள் சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக ஏறுவதற்குக் காரணமும் இதுதான். அந்தச் சோம்பல் ஒரு வசதி. வளைவில் திரும்பும்போது டாங்கில் பெட்ரோல் அலைமோதும், மிதவை குதிக்கும். முள் அதையெல்லாம் கண்டுகொள்ளாது, அது சூடாகி ஆறுவதற்குள் அலை அடங்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வண்டியின் மின்னழுத்தம் நிலையாக இருப்பதில்லை. இன்ஜின் நின்றிருந்தால் 12 வோல்ட் சொச்சம், ஓடினால் 14. வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். எனவே அதே பெட்ரோலுக்கு இன்ஜின் ஓடும்போது முள் கூடுதலாகக் காட்டும். இதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசர். பிரிட்டிஷ் வண்டிகளில் அது 10 வோல்ட்டுக்குச் சமமாகக் கொடுக்கும், அமெரிக்க ஃபோர்டு வண்டிகளில் 5 வோல்ட். டிரான்சிஸ்டர், சிப் எதுவும் இல்லாத தீப்பெட்டி அளவுத் தகர டப்பா அது. அது எப்படி 14-ஐ 10 ஆக்குகிறது?

ஆக்குவதே இல்லை. அங்கேதான் அழகு. அதற்குள்ளும் ஓர் ஈருலோகப் பட்டை, அதன் மேலும் ஒரு ஹீட்டர் கம்பி, நுனியில் ஒரு தொடுமுனை. தொடுமுனை சேர்ந்திருக்கும்போது முழு 14 வோல்ட்டும் அப்படியே மீட்டர்களுக்குப் போகிறது. அதே நேரம் அந்த ஹீட்டர் கம்பிக்கும் போகிறது. பட்டை சூடாகி வளைகிறது, தொடுமுனை பிரிகிறது, எல்லாம் துண்டிக்கப்படுகிறது. பட்டை ஆறுகிறது, மறுபடி சேர்கிறது. திரும்பத் திரும்ப இதுவேதான். மீட்டர்களுக்குக் கிடைப்பது விட்டு விட்டு வரும் 14 வோல்ட். அவை சோம்பேறிகள் என்பதால் அந்த வெட்டெல்லாம் அவற்றுக்குத் தெரியாது, கிடைத்த மொத்த வெப்பம் மட்டும்தான் தெரியும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. தொடுமுனை சேர்வதும் பிரிவதும் பட்டையின் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்தான். ஆகவே ஹீட்டருக்குச் சராசரியாகக் கிடைக்கும் வெப்பம் எப்போதும் ஒரே அளவுதான் இருக்க முடியும், அதற்கு மேல் போனால் தொடுமுனை பிரிந்துவிடும். 12 வோல்ட் வந்தால் நேரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு சேர்ந்திருக்கும், 14 வந்தால் 51 விழுக்காடு. எப்படிப் போட்டாலும் வர்க்கத்தை நேரப் பங்கால் பெருக்கினால் 100, அதாவது பத்தின் வர்க்கம். ஸ்டெபிலைசர் சரிசெய்வது வெப்பத்தை, மீட்டர் படிப்பதும் வெப்பத்தை. இரண்டும் ஒரே மொழி பேசுவதால் நடுவில் எந்த மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தவர்கள்தான் குழம்புவார்கள். அது சாதாரணச் சராசரியைக் காட்டும், அதுவும் நில்லாமல் ஆடும். 14 வோல்ட் வண்டியில் அந்தச் சராசரி 7 சொச்சம்தான் வரும். 10 வரவில்லையே என்று நல்ல ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பட்டை தானாகவே சூடாகுமே, அப்போது கணக்குத் தப்பாதா? தப்பாது. மீட்டரில் பட்டையைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்து, ஒரு காலில் மட்டும் ஹீட்டர் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். வெளிச்சூடு இரண்டு கால்களையும் சமமாக வளைக்கும், ஒன்றின் வளைவை மற்றொன்று அடித்துவிடும். ஹீட்டர் தரும் சூடு மட்டும்தான் முள்ளுக்குப் போய்ச் சேரும். இதை முதலில் யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஈருலோகப் பட்டையே பழைய சரக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தன் கடல் கடிகாரத்தில் வெப்பத்தால் வரும் பிழையைச் சரிக்கட்ட அதைப் பயன்படுத்தினார். பின்னர் 1896-ல், பாரிசுக்கு அருகே சர்வதேச எடை அளவைகள் நிலையத்தில் வேலை பார்த்த சார்ல் எத்வார் கியோம், அநேகமாக விரியவே விரியாத இன்வார் என்னும் இரும்பு-நிக்கல் கலவையைக் கண்டறிந்தார். பித்தளை விரிவதில் பதினைந்தில் ஒரு பங்குகூட அது விரியாது. விரியும் ஓர் உலோகத்தோடு அதை ஒட்டினால் பட்டை நன்றாக வளையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தேடியது என்னவோ மீட்டர் அளவுகோல் செய்ய மலிவான உலோகத்தைத்தான். 1920-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. உலோகத் துண்டுகளின் நீளத்தை வருடக்கணக்கில் அளந்துகொண்டிருக்கப் போகிறேன், பணம் கொடுங்கள் என்று இன்று ஒருவர் விண்ணப்பித்தால், இதனால் என்ன பயன் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கையாவது இப்படி அலுப்பூட்டும் அளவெடுப்புகளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, வாசகரின் வண்டிக்குத் திரும்புவோம். ஸ்டெபிலைசரின் ஹீட்டர் கம்பிக்கு ஒரு முனையில் மின்சாரம் வருகிறது. மறுமுனை? அது அந்தத் தகர டப்பாவோடு இணைந்திருக்கும், டப்பா ஒரு ஸ்குரூவால் வண்டியின் தகட்டோடு இணைந்திருக்கும். வண்டியின் இரும்பு உடம்புதான் பேட்டரிக்குத் திரும்பும் கம்பி. மெக்கானிக்குகள் எர்த் என்று சொல்வது இதைத்தான். இப்போது அந்தத் தகட்டின் மேல் பளபளவென்று மூன்று கோட் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஹீட்டர் கம்பியில் மின்சாரம் ஓடாது, பட்டை சூடாகாது, தொடுமுனை பிரியவே பிரியாது. மீட்டர்களுக்கோ எர்த் வேறு வழியாக, டாங்க் வழியாகவும் இன்ஜின் வழியாகவும் கிடைக்கிறது. ஆகவே அவை சாகாமல் முழு 14 வோல்ட்டையும் குடிக்கின்றன. 14-ன் வர்க்கம் 196, அதாவது கிட்டத்தட்ட இரு மடங்கு வெப்பம். பாதி டாங்க் முழு டாங்காகக் காட்டுவதும், நடுவில் நிற்க வேண்டிய வெப்ப முள் சிவப்புக்குப் போவதும் இதனால்தான். வண்டியைப் பொறுத்தவரை குற்றவாளி அந்த அழகான பெயிண்ட்.

அப்படியானால் புது எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் ஏன் வேலை செய்யவில்லை? அதையும் அவர் அதே துளையில், அதே பெயிண்டின் மேல்தான் முடுக்கியிருக்கிறார். அதற்குள் இருப்பது வழக்கமான மூன்று கால் சிப். அதன் எர்த் கால் அந்தரத்தில் தொங்கினால், உள்ளே வரும் மின்னழுத்தத்தில் ஒன்றிரண்டு வோல்ட் போக மீதியை அப்படியே வெளியே தள்ளிவிடும். அறுபது வருட வித்தியாசமுள்ள இரண்டு தொழில்நுட்பங்கள், நோய் ஒன்றே. பழையதைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் திரும்பப் போடுங்கள் என்று எழுதினேன். அதற்கு பாசிட்டிவ் எது நெகட்டிவ் எது என்ற கவலைகூடக் கிடையாது, வெப்பத்துக்குத் திசை ஏது! பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு இணைந்ததாக இருந்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளை நெகட்டிவுக்கு மாற்றும்போது இந்த டப்பாவைத் தொடவே வேண்டியதில்லை. சிப்பை அப்படி மாற்றிப் போட்டால் கதை முடிந்தது.

சோதிக்கும் விதத்தையும் சொன்னேன். மல்டிமீட்டரில் ஓம் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். ஓம் பார்க்கும்போது கருவி அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம், ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் நல்ல இணைப்பு என்று சொல்லிவிடும். அதற்குப் பதிலாக, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை டப்பாவின் உடம்பிலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்ல எர்த். அவருக்கு 12.3 காட்டியிருக்கிறது! ஹீட்டர் கம்பியில் மின்சாரம் ஓடாததால் பேட்டரியின் அழுத்தம் அப்படியே டப்பா வரைக்கும் வந்து நிற்கிறது. ஸ்குரூவைக் கழற்றி, உப்புத்தாளால் துளையைச் சுற்றி இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் ஒன்றைப் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்கிறார். முள் இரண்டும் சாதுவாக நடுவுக்கு வந்துவிட்டன.

பத்து நாளில் அடுத்த மின்னஞ்சல். இப்போது பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இரவில் விளக்கைப் போட்டதும் பெட்ரோல் குறைகிறது, அணைத்தால் ஏறிவிடுகிறது என்று. நியாயமாகப் பார்த்தால் ராசி, பேய், பிசாசு என்று பேச இதுதான் சரியான இடம், ஆனால் அவரே இந்த முறை மல்டிமீட்டரைத்தான் எடுத்திருக்கிறார். ஸ்டேஷன் வேகன் நீளமான வண்டி, பின்விளக்குகளும் பெட்ரோல் டாங்கும் கடைக்கோடியில் ஒரே எர்த் போல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்த போல்ட்டின் கீழும் பெயிண்ட், ஆனால் அரைகுறையாக. ஓர் ஓம் அளவுக்குத் தடை. இரண்டு பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு என்று மூன்று 5 வாட் பல்புகள் சேர்ந்து அந்த வழியாக 1.2 ஆம்பியர் அளவுக்கு அனுப்பினால், எர்த் என்று நாம் நம்பும் இடம் 1.2 வோல்ட் மேலே எழும்பிவிடும். டாங்க் மிதவைக்கு அதுதான் தரை. தரை உயர்ந்தால் மீட்டரில் ஓடும் மின்னோட்டம் குறையும், வெப்பம் ஆறில் ஒரு பங்கு குறையும், முள் மெல்ல இறங்கும். சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் இன்னும் இறங்குமே என்று கேட்டேன், ஆமாம் என்றார்.

அந்த போல்ட்டையும் தேய்த்து, டாங்கிலிருந்து தனியாக ஓர் எர்த் கம்பியும் இழுத்துவிட்டார். இரவிலும் பகலிலும் இப்போது ஒரே அளவு பெட்ரோல். கூடவே பின்விளக்குகள் திடீரென்று பளிச்சென்று ஆகிவிட்டதாக எழுதியிருக்கிறார். இழை பல்புக்கு மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் முப்பது விழுக்காடு போய்விடும், அவருக்குக் கால் பங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. விளக்கு மங்கல் என்று அவர் ஒரு முறைகூடக் குறை சொன்னதில்லை, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.