தாயின் ரத்தத்தில் ரோ ஆன்டிபாடி: பிள்ளையின் தோலும் இதயமும்

பிறந்து மூன்று வாரமான குழந்தை. நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் வட்ட வட்டமாகச் சிவந்த தடிப்பு. ஓரம் லேசாக மேடிட்டு, நடுவில் வெளிறி, மேலே மெல்லிய செதில். படர்தாமரை என்று களிம்பு தடவினால் குறைவதில்லை. காலை வெயிலில் காட்டினால் இன்னும் சிவக்கிறது. இப்படியொரு குழந்தை வந்தால் உடனே தாயின் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

இதற்கு 'நியோநேட்டல் லூபஸ்' என்று பெயர். பெயரைக் கேட்டதும் பெற்றோர் கலங்கிப் போகிறார்கள். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்; குழந்தைக்கு அது வந்துவிடவில்லை. தாயின் ரத்தத்தில் உள்ள ரோ, லா என்னும் ஆன்டிபாடிகள் (சொந்த உடலுக்கே எதிராக உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள்) நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் அவை கரைந்துவிடும். தோல் தடிப்பு, ரத்தத் தட்டணுக் குறைவு, கல்லீரல் என்சைம் உயர்வு எல்லாம் பெரும்பாலும் அவற்றோடு போய்விடும். போகாதது ஒன்றுதான்: இதயத்தில் விழுந்த தழும்பு.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டலைக் கடத்தும் சிறிய முடிச்சை இந்த ஆன்டிபாடிகள் தாக்குகின்றன. அங்கே அழற்சி வந்து, பிறகு தழும்பாகி, பாதை அடைபடுகிறது. இது பெரும்பாலும் கர்ப்பத்தின் 18 முதல் 24 வாரத்துக்குள் நடக்கும். ரோ பாசிட்டிவான 100 தாய்மாரில் ஏறத்தாழ 2 பேரின் பிள்ளைக்கே இந்த அடைப்பு வருகிறது. ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் 100க்கு 16 முதல் 18.

தாய்மாரில் பலருக்குத் தங்களிடம் இந்த ஆன்டிபாடி இருப்பதே தெரியாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. லூபஸ் அல்லது ஷோக்ரன் நோய் (கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) உள்ளவர்கள், கண்ணும் வாயும் எப்போதும் வறண்டிருப்பவர்கள், வெயில் பட்டால் முகம் சிவந்து மூட்டு வலிப்பவர்கள், முன் பிள்ளைக்கு இதய அடைப்போ இத்தகைய தடிப்போ இருந்தவர்கள் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். இத்தகைய ஆன்டிபாடிகளைப் பொதுவாகத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தச் சோதனை நெகட்டிவ் என்று நின்றுவிடாதீர்கள். ரோ ஆன்டிபாடி அதில் சில நேரம் தப்பிவிடும். ரோ, லா இரண்டையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

பாசிட்டிவ் என்றால், லூபஸுக்குக் கொடுக்கும் மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். முன் பிள்ளைக்கு அடைப்பு இருந்த தாய்மாருக்கு 10ஆவது வாரத்துக்குள் தொடங்கி நாள்தோறும் 400 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. மீண்டும் அடைப்பு வந்தது 100க்கு 7 அளவில்தான். கர்ப்பம் உறுதியானதும் பயந்து இந்த மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் பிள்ளையின் இதயத்தைக் காக்க ஆகாது, அதன் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடும். டெக்ஸாமெத்தசோன் என்னும் மற்றொரு ஸ்டீராய்டு பிள்ளையைச் சென்றடையும். ஆனால் முழு அடைப்பு விழுந்தபின் அதுவும் பாதையைத் திறப்பதில்லை.

இடர் கூடியவர்களுக்கு 16 முதல் 26 வாரம் வரை, வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை சிசுவின் இதய எக்கோ (இதயத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்ப்பது வழக்கம். சிக்கல் என்னவென்றால், நேற்று சரியாக இருந்த துடிப்பு ஒரே நாளில் முழு அடைப்பாக மாறக்கூடும். அதனால்தான் சில மையங்களில் கையடக்க டாப்ளரைக் கொடுத்து, வீட்டிலேயே தினமும் இரண்டு மூன்று முறை துடிப்பைக் கேட்கப் பழக்குகிறார்கள். துடிப்பு மெதுவானாலோ தாளம் தப்பினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே எக்கோவுக்குப் போக வேண்டும்.

பெரிய தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். 32ஆவது வாரத்தில் பிள்ளையின் துடிப்பு நிமிடத்துக்கு 60. மூச்சுத் திணறுகிறது என்று முடிவுகட்டி அவசரமாகச் சிசேரியன் செய்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஸ்கேனில் இரண்டு அறைகளையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். மேலறை 140, கீழறை 60, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால் அது இதய அடைப்பு. பிள்ளையின் உடலில் நீர் கோத்துள்ளதா, துடிப்பு 55க்குக் கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மாதம் நிறையும் வரை கண்காணித்து, பேஸ்மேக்கர் வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடலாம். குறைமாதமும் மெதுவான இதயமும் சேர்ந்தால் பிள்ளை தாங்குவது கடினம்.

பிறந்ததும் இ.சி.ஜி., முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் என்சைம் மூன்றும் பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கு ஒளி சிகிச்சை தேவையென்றால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த வெளிச்சத்திலும் தடிப்பு கிளம்பலாம் என்பது நினைவிருக்கட்டும். இளவெயில் காட்டும் பழக்கத்தை இந்தக் குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள். வைட்டமின் டி சொட்டுமருந்து தினம் 400 யூனிட் போதும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுக்கும் தாயும் பால் கொடுக்கலாம்.

தடிப்பு மறைந்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். தோலில் மட்டும் வந்த பிள்ளைக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கும் இதய அடைப்பு வரும் வாய்ப்பு 100க்கு 13 அளவில் இருக்கிறது. 'தாய்: ரோ பாசிட்டிவ்' என்று குழந்தையின் டிஸ்சார்ஜ் தாளிலும் தாயின் கோப்பிலும் எழுதி வாங்கி, அடுத்த கர்ப்பத்தின் முதல் வருகையிலேயே அதை எடுத்துக் காட்டுங்கள்.