ஈரம் காய்ந்த பின்னும் மின்னும் கூழாங்கல்

ஆற்றில் நீருக்கடியில் கிடந்த கூழாங்கல்லின் நிறத்தில் மயங்கி அதை வீட்டுக்கு எடுத்து வந்தவர்களுக்கு, ஈரம் காய்ந்ததும் அது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடந்த ஏமாற்றம் நினைவிருக்கும். கல் மாறவில்லை. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்ணிய பள்ளங்களும் கீறல்களும் நிறைந்துள்ளன. காய்ந்த கல்லின் மேல் விழும் ஒளி இந்தப் பள்ளங்களில் பட்டு நாலாபுறமும் சிதறுகிறது. அந்தச் சிதறல் கல்லின் நிறத்துக்கு மேல் ஒரு வெண்திரையாகப் படிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பைச் சமதளமாக்குகிறது. ஒரு பொருளுக்குள் புகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருடையது 1.33, குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல்லுடையது ஏறத்தாழ 1.54. இந்த எண்ணில் காற்றைவிடத் தண்ணீர் கல்லுக்கு நெருக்கமாக இருப்பதால், ஈரக்கல்லில் ஒளி சிதறாமல் உள்ளே புகுந்து கல்லின் நிறத்தை ஏந்தி வெளியே வருகிறது.

கைவினைப் பொருள்களுக்காக வீட்டிலேயே கல்லை உருட்டி மெருகேற்றுவது என்பது, தண்ணீர் தற்காலிகமாகத் தந்த அந்தச் சமதளத்தைக் கல்லிலேயே நிலையாக உருவாக்கும் வேலை. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் அதைவிடச் சிறியவையாகும்போதுதான் கல் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும்.

வேலையின் முதல் பாதியை ஆறே செய்துகாட்டுகிறது. மலையிலிருந்து உடைந்து விழும் கல்லுக்குக் கூர்முனைகள் அதிகம். கற்கள் மோதும்போது அடி பெரும்பாலும் துருத்தி நிற்கும் முனைகளில்தான் விழுகிறது. தட்டையான முகங்கள் பெரிதாகத் தேய்வதில்லை. வில்லியம் க்ரம்பைன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் சுண்ணாம்புக்கல் துண்டுகளைச் சுழலும் பீப்பாயில் இட்டு உருட்டிப் பார்த்து, முனைகள் தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மழுங்குவதை 1941-இல் பதிவு செய்தார். ஹங்கேரியக் கணிதவியலாளர் காபர் டொமோகோஷும் அவருடைய குழுவினரும் 2014-இல் இதை இரண்டு கட்டங்களாக விளக்கினார்கள். முதல் கட்டத்தில் நீளமும் அகலமும் பெரிதாகக் குறையாமல் முனைகள் மட்டும் உருண்டையாகின்றன; அதன் பிறகே கல் மொத்தமாகச் சிறுக்கத் தொடங்குகிறது. ஆனால் ஆற்றின் வேலை பெரும்பாலும் உருண்டையாக்குவதோடு நின்றுவிடுகிறது. அங்குள்ள மணலும் மற்றக் கற்களும் ஓயாமல் மோதிப் புதுப்புதுத் தழும்புகளை உண்டாக்குவதால், கல் வழவழப்பாகுமே தவிரப் பளபளப்பாகாது.

மெருகேற்றும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் செந்நிறக் கல்லான சூதுபவளம், படிகக்கல், பச்சைக்கல் போன்றவற்றில் செய்த மணிகள் மூலக்கல்லாகவும், அரைகுறை வேலைப்பாட்டிலும், முழுமை பெற்றும் கிடைத்திருக்கின்றன. குஜராத்தின் கம்பாத்தில் சூதுபவள மணிகளையும் தேய்ப்புத் தூளையும் தண்ணீரோடு தோல் பைக்குள் கட்டி, இருவர் எதிரெதிரே இருந்து அந்தப் பையை முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து நாள் உருட்டி மெருகேற்றும் வழக்கம் இருந்தது. பின்னாளில் அந்தப் பையின் இடத்தை மின்சாரத்தில் சுழலும் பீப்பாய் பிடித்தது. இன்று ராக் டம்ப்ளர் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படுவது அதே பையின் சிறிய வடிவம்தான்: ரப்பர் உறை போட்ட ஒரு பீப்பாய், அதைத் தாங்கும் இரண்டு உருளைகள், ஒரு சிறு மோட்டார்.

பீப்பாய்க்குள் கற்கள் துள்ளி விழுந்து மோதுகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடந்தால் கல் உடையும். நல்ல முறையில் ஓடும் பீப்பாயில், சுவரோடு மேலேறும் கற்கள் ஒரு சரிவை எட்டியதும், மணற்குவியலின் மேற்பகுதி சரிவதுபோல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இறங்குகின்றன. தேய்மானம் பெரும்பாலும் இந்த வழுக்கலில்தான் நடக்கிறது. அதனால்தான் பீப்பாயை மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை நிரப்ப வேண்டும் என்கிறார்கள். குறைவாக நிரப்பினால் கற்கள் உயரத்திலிருந்து விழுந்து பிறைவடிவத் தழும்புகள் விழும். அதிகமாக நிரப்பினால் அசைய இடமிருக்காது. வேகத்துக்கும் வரம்பு உண்டு. உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள பீப்பாயை நிமிடத்துக்கு ஏறத்தாழ 134 சுற்று வேகத்தில் ஓட்டினால், மேலே போன கல் கீழே இறங்காமல் சுவரோடு ஒட்டியபடியே சுற்றும், தேய்மானம் நின்றுவிடும். வீட்டுப் பொறிகள் இந்த வரம்புக்கு வெகு கீழேயே ஓடுகின்றன. சிறிய கற்களையும் பெரிய கற்களையும் கலந்து போடுவது நல்லது, ஏனெனில் பெரியவற்றின் குழிவுகளுக்குள் சிறியவைதான் தேய்ப்புத் தூளைக் கொண்டு சேர்க்கின்றன.

கல்லைத் தேய்ப்பது உண்மையில் இந்தத் தூள்தான். அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1891-இல் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது கிடைத்த சிலிக்கான் கார்பைடு, 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 9-க்கும் சற்று மேலே நிற்கிறது. வெங்கச்சங்கல் 7-இல் நிற்கிறது. கடினத்தோடு நொறுங்கும் தன்மையும் அதற்கு உண்டு. துகள் உடையும்போதெல்லாம் புதிய கூர்விளிம்புகள் பிறப்பதால் அது மழுங்கிப் போகாமல், பொடிப்பொடியாகிக்கொண்டே வெட்டுகிறது. ஒரு வாரத்தில் அது முழுவதும் மாவாகிவிடும். அதற்குமேல் அதே தூளோடு ஓட்டுவதில் பெரிய பயனில்லை. ஒரு கிலோ கல்லுக்கு நான்கு மேசைக்கரண்டித் தூளும், மேலடுக்குக் கற்களின் அடிப்பாகம் நனையும் அளவுக்குத் தண்ணீரும் போதும். ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது உள்ளிருப்பது இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். அந்தக் கெட்டிதான் துகள்களைக் கல்லின் மேல் ஒட்டவைக்கிறது.

தூளின் பருமனைச் சல்லடை எண்ணால் குறிப்பார்கள்: ஓர் அங்குலத்தில் எத்தனை கண்கள் உள்ள சல்லடையில் அது இறங்குகிறது என்பது அந்த எண். முதல் வாரம் 60 முதல் 90 வரையிலான பரும்தூள். இதன் துகள் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் வரை இருக்கும். இது கல்லுக்கு உருவம் கொடுக்கிறது. கூர்முனைகள் அதிகமென்றால் இந்தக் கட்டத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு நீட்டிக்கத் தயங்கக் கூடாது. அடுத்த வாரம் 120 முதல் 220 வரை, அதற்கடுத்து 500, கடைசியாக ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே பருமனுள்ள அலுமினியம் ஆக்சைடு. இந்த வரிசையில் எதையும் தாண்டிச் செல்ல முடியாது. ஒவ்வொரு தூளும் தனக்கு முந்தையது விட்டுச்சென்ற கீறலை அழித்து, அதைவிடச் சிறிய கீறலை விட்டுச்செல்கிறது. முதல் கட்டத்தின் ஆழமான கீறலைக் கடைசித் தூளால் ஒரு மாதம் ஓட்டினாலும் அகற்ற முடியாது. கீறலின் விளிம்புகள் மட்டும் மினுமினுக்கும்.

என் இரண்டாவது முயற்சி கெட்டது இப்படித்தான். கற்களையும் பீப்பாயையும் நன்றாகக் கழுவியிருந்தேன். மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் விரலைவிட்டுத் துடைக்கவில்லை. மெருகுக் கட்டம் முடிந்து திறந்தபோது எல்லாக் கற்களிலும் தலைமயிர் போன்ற மெல்லிய கோடுகள் இருந்தன. வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் முந்தைய கட்டத்தின் கரும்துகள்கள் நான்கைந்து அங்கே ஒட்டியிருந்தன. அன்று முதல் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கல்லையும் தேய்க்கிறேன். விரிசலுள்ள கல்லைத் தயங்காமல் ஒதுக்கிவிடுகிறேன், ஏனெனில் விரிசல் துகள்களை ஒளித்துவைத்து அடுத்த கட்டத்தில் வெளியே விடும்.

ஒரே பீப்பாயில் ஒரே கடினத்தன்மையுள்ள கற்களைத்தான் போட வேண்டும். வெங்கச்சங்கல், அகேட், ஜாஸ்பர் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு கடினமானவை. இரும்புக் கத்தி முனையால் கீறினால் கோடு விழும் கல்லும், எலுமிச்சைச் சாறு பட்டு நுரைக்கும் கல்லும் அவற்றோடு சேரக் கூடாது. அவை மற்றவை மெருகேறும் முன்பே கரைந்துபோகும். பளிங்கு போன்ற மென்மையான கற்களைக் கையாலேயே மெருகேற்றலாம். கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கிடைக்கும் நீர்புகாத உப்புத்தாளில் 220, 400, 800, 2000 என்று ஏறுவரிசையில், தண்ணீர் விட்டபடி தேய்த்தால் ஒரு பதக்கத்துக்கான கல் ஒரே மாலையில் தயாராகிவிடும்.

தண்ணீர் இல்லாமல் தேய்க்கவே கூடாது. வெங்கச்சங்கல்லின் உலர்ந்த நுண்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஆறாத தழும்பு விழும் சிலிகோசிஸ் நோய் வரும். கம்பாத்தின் மணித் தொழிலாளர்கள் பலர் அதற்கு உயிரைப் பறிகொடுத்திருக்கிறார்கள். சிந்திய சேற்றைக் காயவிட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் சிமெண்டுபோல் இறுகிவிடும் என்பதால், வாளியில் தெளியவைத்துக் குப்பையில் சேர்ப்பதே சரி. சில கற்கள் வாயுவை வெளியிடுவதால், மூடி உப்பியிருக்கிறதா என்று தினமும் ஒருமுறை பார்த்து, உப்பியிருந்தால் மெல்லத் திறந்து மூட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் கற்கள் சிறுத்துவிடுவதால் பீப்பாயில் இடம் காலியாகிவிடும். முதல் கட்டத்திலேயே கால் பங்கு எடை போய்விடுவதுண்டு. அந்த இடத்தைப் பீங்கான் மணிகளால் நிரப்பினால் கற்கள் ஒன்றையொன்று இடிக்காமல் தூள் மட்டும் உரசும். ஏழாம் நாள் ஒரு கல்லை எடுத்துக் கழுவி, துணியால் முழுவதும் துடைத்துக் காயவைத்து, அதன் ஒரு பாதியில் மட்டும் விரலால் தண்ணீரைத் தடவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஈரப் பாதியின் நிறம் காய்ந்த பாதியைவிட ஆழமாகத் தெரிந்தால் பீப்பாய் இன்னும் சில நாள் ஓட வேண்டும். இரண்டுக்கும் இடையிலான எல்லை எங்கே என்று கண்ணால் சொல்ல முடியவில்லை என்றால், மோட்டாரை நிறுத்தலாம்.